சூப்பர்வைசர் பயிற்சி: இரண்டாம் நாளுக்கு மட்டும் காசு கொடுக்கலாம்

குத்துவிளக்கு ஏற்றியதும் முதலாளி கிளம்பிவிட்டார். எங்கள் சூப்பர்வைசர்களுக்கு மன அழுத்தம் பற்றி நடத்திய இந்தப் பயிற்சியில் நடந்த பெரிய தப்பு அதுதான். அதற்குப் பயிற்சி நடத்தியவர்களைக் குறை சொல்ல முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற தப்புகளில் அவர்களுக்குப் பங்கு உண்டு.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் இன்சார்ஜ். நாலு தையல் லைன், கட்டிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து 160 பேர். இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால் டெய்லருக்கு உதவும் கைமடியாகச் சேர்ந்து, ஓவர்லாக் மிஷினில் தைக்கப் பழகி, பேட்லாக் மிஷினும் பழகி, சூப்பர்வைசராகி, இன்றைக்கு இந்த நாற்காலியில் இருக்கிறேன். அதனால் திட்டு வாங்கவும் தெரியும், திட்டவும் தெரியும்.

பொங்கல் முடிந்த வாரத்தில் மூன்றாம் லைனில் ஐந்து டெய்லர்கள் சேர்ந்தாற்போல நின்றுவிட்டார்கள். பக்கத்து கம்பெனியில் கூலி ஒன்றும் கூடுதல் இல்லை, விசாரித்துப் பார்த்தேன். அதே சமயம் எங்களுக்கு ஆர்டர் கொடுக்கும் பையர் பக்கத்திலிருந்து வந்த ஆடிட்டில் ‘மேற்பார்வையாளர்களுக்குப் பணியிட மன அழுத்தம் பற்றிப் பயிற்சி கொடுத்தீர்களா’ என்று ஒரு கேள்வி இருந்தது. இரண்டும் சேர்ந்ததால் முதலாளி கோயம்புத்தூரிலிருந்து ஒரு பயிற்சி நிறுவனத்தைப் பிடித்தார். இரண்டு நாள், 22 சூப்பர்வைசர்கள், 45,000 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 53,100. நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. பெயரை விட என்ன வாங்குகிறோம் என்று தெரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் இதே மாதிரி பயிற்சியை இப்போது பத்துப் பேர் விற்கிறார்கள்.

முதல் நாளை ஞாயிற்றுக்கிழமையில் வைத்தார்கள். மன அழுத்தம் குறைக்கிற பயிற்சிக்கு வாரத்தில் இருக்கிற ஒரே லீவைப் பிடுங்கினால் எப்படி இருக்கும்? ஒன்பதரைக்கு கேன்டீன் ஹாலில் வந்து உட்கார்ந்தவர்கள் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்தது. என் அயர்னிங் சூப்பர்வைசர் அன்று மச்சான் வீட்டு காதுகுத்தை விட்டுவிட்டு வந்திருந்தார்.

நடத்தியவர் சின்னப் பையன். நல்ல பையன்தான், மரியாதையாகப் பேசினார். ஆனால் பனியன் கம்பெனிக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். காலை முழுக்க மூச்சுப் பயிற்சி. கண்ணை மூடி ஒரு கடற்கரையை நினைத்துக்கொள்ளச் சொன்னார். கட்டிங் மாஸ்டர் நினைத்துக்கொண்டே தூங்கிவிட்டார், குறட்டை கேட்டது. மூச்சுப் பயிற்சியால் பிரயோஜனம் இல்லை என்று சொல்ல வரவில்லை. எனக்கே ரத்த அழுத்தம் இருக்கிறது, டாக்டர் சொல்லி நானும் செய்கிறேன். ஆனால் நாலு மணிக்கு ரிப் துணி வராமல் முப்பது மிஷின் சும்மா நிற்கும்போது சூப்பர்வைசர் மூச்சை இழுத்து விட்டால் துணி வந்துவிடாது.

மதியம் ஸ்லைடு போட்டார்கள். மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் முழுக்க வருடத்துக்கு 1,200 கோடி வேலை நாட்கள் வீணாகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறதாம். அது சரியான கணக்குதான், பின்னால் நானும் பார்த்தேன். ஆனால் செக்கிங் சூப்பர்வைசர் எழுந்து, “அதுல நம்ம மூணாவது லைன் ஆப்சென்ட் எத்தனைங்க சார்?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பையனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கென்னவோ அன்று கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான்.

இன்னொன்று. கையில் கொடுத்த புத்தகத்தில் ‘பர்ன் அவுட்’ ஒரு நோய் என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததாக அச்சடித்திருந்தார்கள். நர்சிங் படிக்கும் என் மகளிடம் காட்டினேன். “இல்லைம்மா, நோய்னு சொல்லலை. வேலை சம்பந்தப்பட்ட நிலைன்னுதான் பட்டியல்ல சேத்தாங்க” என்றாள். தேடிப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. வேலையிடத்தில் நாள்பட்ட அழுத்தத்தைச் சரியாகக் கையாளாததால் வருவது என்றுதான் அதில் விளக்கமே இருக்கிறது. சின்ன வித்தியாசம் போலத் தோன்றும். நோய் என்றால் டெய்லரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கலாம். வேலையிடத்தால் வருவது என்றால் அப்படித் தள்ளிவிட முடியாது, என் டேபிளுக்குத்தான் வரும். 53,000 வாங்கிக்கொண்டு அந்த வரியைச் சரியாகப் போட்டிருக்கலாம்.

ஆக முதல் நாளுக்கு நான் கொடுக்கும் மார்க், மதியச் சாப்பாட்டையும் சேர்த்து, பத்துக்கு மூன்று.

இரண்டாம் நாள் அடுத்த புதன்கிழமை. லைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே காலையில் பதினோரு பேர், மதியம் பதினோரு பேர் என்று பிரித்து நடத்தினார்கள். இந்தத் தடவை வந்தது ஒரு அம்மா, ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். முன்பு ஒரு ஸ்பின்னிங் மில்லில் நலத்துறை அதிகாரியாக இருந்தவராம். வந்ததும் ஹாலுக்குப் போகவில்லை. “மொதல்ல ப்ளோருக்குப் போலாங்க” என்றார். இரண்டாம் லைன் ஓரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, மடியில் ஒரு நோட்டை வைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் என்ன எழுதுகிறார் என்று தெரியாமல் சூப்பர்வைசர்தான் பாவம், தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார்.

பிறகு ஹாலில் அந்த நோட்டை வாசித்தார். ஒரு மணி நேரத்தில் அந்த லைனில் 41 தடவை சத்தம் உயர்ந்திருக்கிறது. அதில் டெய்லர் உண்மையிலேயே தப்பாகத் தைத்ததற்காகக் கத்தியது ஆறு தடவை. மீதி முப்பத்தைந்தும் தைக்க வேண்டிய துணிக்கட்டு, அதாவது பண்டல், வரவில்லை, நூல் கலர் மாறிவிட்டது, ஊசி உடைந்து மெக்கானிக் வரவில்லை, முன் மிஷினில் தேங்கிவிட்டது என்பதற்காக. “இந்த முப்பத்தஞ்சுல அந்தப் புள்ளைங்க கையில எது இருந்துச்சு?” என்று கேட்டார். யாரும் பேசவில்லை.

இதை அவர் ஒரு பழைய ஆராய்ச்சியோடு சேர்த்துச் சொன்னார். 1979இல் கரசெக் என்பவர் எழுதியதாம். வேலை அதிகமாக இருப்பது மட்டும் ஆளை உடைப்பதில்லை. வேலை அதிகம், ஆனால் அதை எப்படிச் செய்வது, எப்போது செய்வது என்பதில் தன் கையில் ஒன்றுமே இல்லை என்கிற நிலைதான் உடைக்கிறது. கேட்டபோது எனக்கு என் ஓவர்லாக் நாட்கள் ஞாபகம் வந்தன. மணிக்கு 120 பீஸ் டார்கெட் அன்றைக்கு என்னை அழவைக்கவில்லை. பண்டலே வராமல் 70 பீஸ்தான் அடித்த நாளில், எல்லோர் முன்னாலும் மைக்கில் என் மிஷின் நம்பரைச் சொன்னார்களே, அன்றுதான் பாத்ரூமில் போய் அழுதேன்.

அப்புறம் ஒரு தாளைக் கொடுத்தார். பிரிட்டனில் வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பு 2004இல் கொண்டுவந்த ஆறு தலைப்புகள் அதில் இருந்தன: வேலைப் பளு, கட்டுப்பாடு, ஆதரவு, உறவு, பொறுப்பு, மாற்றம். படிக்க உபதேசம் மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் எங்கள் கம்பெனியிலிருந்தே ஒரு உதாரணம் சொல்ல வைத்தார். பொறுப்பு என்றதும், ஆல்டர் பீஸை, அதாவது தப்பாகத் தைத்துத் திரும்பி வந்ததை, மறுபடி அடிப்பது எந்த லைன் வேலை என்று இரண்டு சூப்பர்வைசர்கள் அங்கேயே சண்டை போட ஆரம்பித்தார்கள். அதையே எழுதிக்கொண்டார்.

‘மாற்றம்’ என்ற தலைப்பில்தான் நேரம் போனது தெரியவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஊரே பேசியது. எங்கள் ஆர்டரில் பாதி அங்கே போவது. பத்து நாள் முதலாளி வாயைத் திறக்கவில்லை. பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்களுக்கு மட்டும் தெரியும். டெய்லர்கள் யூடியூபில் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். இரண்டு லைனை மூடப்போகிறார்கள் என்று வதந்தி. நாங்கள் மூடவே இல்லை. ஆனால் அந்தப் பத்து நாளில் வேறு கம்பெனியில் வேலை கேட்டு வைத்தவர்கள்தான் பொங்கலுக்கு அப்புறம் நின்ற ஐந்து பேரில் மூன்று பேர். இது எனக்கு அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

நான் அப்போது இன்னொரு கதையைச் சொன்னேன். 2011 ஜனவரியில் ஐகோர்ட் உத்தரவில் சாயப்பட்டறைகள் எல்லாம் மூடப்பட்டதே, அப்போது நான் வேறு கம்பெனியில் டெய்லர். அந்த முதலாளி ஒரு காலையில் கட்டிங் டேபிள் பக்கத்தில் நின்று, “துணி எப்ப வரும்னு எனக்கே தெரியலைங்க. அடுத்த மாசம் பாதி ஷிப்ட்தான் இருக்கும். போறவங்க போங்க, தப்பா நெனைக்க மாட்டேன். இருக்கறவங்களுக்கு சனிக்கிழமை சம்பளம் தவறாது” என்றார். நல்ல செய்தி ஒன்றுகூட அதில் இல்லை. ஆனாலும் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். பயிற்சி அம்மா இதைக் கேட்டுவிட்டு, “இதுக்கு மேல நான் என்னங்க சொல்லித் தரப்போறேன்” என்றார்.

சரி, என் குட்டு உடைந்த இடத்துக்கு வருகிறேன்.

“இன்னைக்கு ஒரு ஷிப்டா, ஒன்றரை ஷிப்டான்னு டெய்லருக்கு எத்தனை மணிக்குத் தெரியும்?” என்று கேட்டார். ஐந்து மணி, ஐந்தேகால் என்றார்கள். ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட் முடிகிறது, ஒன்றரை என்றால் அதற்கு மேலும் அரை ஷிப்ட் ராத்திரியில் இருக்க வேண்டும். சூப்பர்வைசருக்கு? நாலரை. எனக்கு? மூன்று. முதலாளிக்கு? பேக்கிங்கில் எவ்வளவு நிற்கிறது என்று மெர்ச்சண்டைசர் பன்னிரண்டு மணிக்கே மேலே சொல்லிவிடுவார். பன்னிரண்டு மணிக்கு மாடியில் தெரிந்தது ஐந்தேகாலுக்குக் கீழே வருகிறது. நடுவில் இருப்பது பதினெட்டுப் படிகள்.

அந்த அம்மா என்னைப் பார்த்து, “நீங்க ஏனுங்க மூணு மணியில இருந்து நாலரை வரைக்கும் வெச்சிருக்கறீங்க?” என்றார். மழுப்பிப் பார்த்தேன். விடவில்லை. கடைசியில் சொன்னேன்: முன்னாலேயே சொன்னால் நாலு பேர் வயிற்று வலி, மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று கிளம்பிவிடுவார்கள். கடைசி நேரத்தில் சொன்னால் யாராலும் மறுக்க முடியாது. இதை 22 பேர் முன்னால் என் வாயாலேயே சொல்ல வேண்டி வந்தது. சூப்பர்வைசர்கள் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். அவர்களும் அதையேதான் செய்கிறார்கள்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து ஒரு மணிக்கு, சாப்பாட்டு பெல் அடிக்கும்போதே, ஒவ்வொரு லைன் போர்டிலும் ‘ஒன்று’ அல்லது ‘ஒன்றரை’ என்று எழுதிவிட வேண்டும் என்று வைத்தோம். முதலாளியும் ஒத்துக்கொண்டார். முதல் நாளே கைகழுவும் இடத்தில் ஒரே போன் சத்தம். பிள்ளையை பால்வாடியிலிருந்து கூப்பிட, மாவு அரைக்கச் சொல்ல, வீட்டுக்காரரை வண்டி எடுத்து வரச் சொல்ல. வயிற்று வலி என்று கிளம்புவார்கள் என்று பயந்தேனே, முதல் வாரம் கிளம்பியது இரண்டு பேர். முன்பு ஐந்தேகாலுக்குச் சொல்லும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஏழு மணிக்கு மேல் அடிக்கிற பீஸெல்லாம் ஆல்டருக்கு வரும். செக்கிங் நோட்டைப் புரட்டினால், மூன்றாம் லைனில் ராத்திரி நேர ஆல்டர் 100க்கு ஒன்பது என்று இருந்தது, இப்போது ஆறு. பெரிய சாதனை என்று சொல்ல மாட்டேன், நடுவில் ஸ்டைலும் மாறியது.

இதிலும் வம்பு வந்தது. ஒரு நாள் ‘ஒன்றரை’ என்று எழுதிவிட்டோம், சாயப்பட்டறையிலிருந்து துணி வரவே இல்லை. ஐந்தரைக்கு எல்லோரையும் அனுப்ப வேண்டியதாகிவிட்டது. ஷிப்ட் கூலிக்காரர்கள், “எழுதிப்போட்டீங்கல்ல, அரை ஷிப்ட் காசு குடுங்க” என்று நின்றுவிட்டார்கள். நியாயம்தான். முதலாளி அந்தத் தடவை கொடுத்தார். இரண்டாம் தடவை கொடுக்கவில்லை. இந்த விஷயத்தில் பயிற்சி நிறுவனத்திடம் கேட்டால், ‘வெளிப்படையாகப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வரியில் பதில் வந்தது.

கூலியைப் பற்றி இரண்டு நாளும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது என் பெரிய குறை. எங்கள் ஆட்களில் பலர் ஒன்றரை ஷிப்டைத் தாங்களே கேட்டு வாங்குகிறார்கள், வீட்டு வாடகையும் குழுக் கடனும் கட்ட வேண்டும். சூப்பர்வைசர் தேனாகப் பேசினாலும் சனிக்கிழமை கவர் கனமில்லை என்றால் அந்த அழுத்தம் அப்படியேதான் இருக்கும். பயிற்சி கொடுப்பவர்களுக்கு செக் எழுதுவது முதலாளி, அதனால் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். புரிகிறது. ஆனால் விமர்சனத்தில் எழுதாமல் இருக்க முடியாது.

இரண்டாவது குறை மொழி. எங்களிடம் நாற்பது பேர் ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள். கொடுத்த தாள், போஸ்டர் எல்லாம் தமிழில் மட்டும். எங்கள் சூப்பர்வைசர்களின் இந்தி ‘ஜல்தி ஜல்தி’யைத் தாண்டாது. ஒருவனுக்குத் தெரிந்த இந்தி முழுக்க அவசரப்படுத்துகிற வார்த்தைகளாக இருந்தால் அவன் என்ன சொன்னாலும் திட்டு மாதிரிதான் கேட்கும். இதைப் பயிற்சியில் கேட்டேன். அடுத்த தடவை சேர்க்கிறோம் என்றார்கள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அவர்களுடைய கவுன்சிலர் நம்பர் ஒன்று போட்டிருந்தார்கள், பேசினால் காசு. அரசு நடத்தும் டெலி மானஸ் 14416 என்று ஒன்று 2022இலிருந்து இருக்கிறது, 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் பேசலாம். அதை ஏன் போடவில்லை? நாங்களே மூன்று மொழியிலும் அச்சடித்து கேன்டீன் கதவிலும் பாத்ரூம் கதவின் உள்பக்கத்திலும் ஒட்டினோம். உள்பக்கம் ஒட்டச் சொன்னது என் மகள். அங்கேதான் யாரும் பார்க்காமல் நம்பரைப் போனில் ஏற்றிக்கொள்ள முடியும்.

பாத்ரூம் என்றதும் டோக்கன் கதையையும் சொல்ல வேண்டும். லைனுக்கு இரண்டு மரக்கட்டை டோக்கன். அது ஆணியில் தொங்கினால்தான் போகலாம். நான் டெய்லராக இருந்தபோதும் உண்டு, நான் இன்சார்ஜ் ஆனபோதும் எடுக்கவில்லை. டோக்கனுக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருந்து, நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சலோடு மூன்று நாள் படுத்தவள் நான். ஆனாலும் நாற்காலி மாறியதும் கண் மாறிவிட்டது. அந்த அம்மா ஆணியைக் காட்டி, “இது என்னங்க?” என்று மட்டும்தான் கேட்டார். டார்கெட் குறையும் என்று சொல்ல வாயெடுத்தேன், முழுசாகச் சொல்லக்கூட முடியவில்லை. மூன்றாம் லைனில் ஒரு மாதம் டோக்கன் இல்லாமல் ஓட்டிப் பார்த்தோம். பீஸ் குறையவில்லை. இப்போது நாலு லைனிலும் வெறும் ஆணி மட்டும் இருக்கிறது. அதில் யாரோ சாமி படத்தை மாட்டிவிட்டார்கள்.

முதலாளியிடம் அந்த அம்மா தனியாக அரை மணி நேரம் பேசினார். ராத்திரி பத்தரைக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்புவதை நிறுத்தச் சொன்னாராம். ஒன்பது மணிக்கு மேல் கன்டெய்னர் விஷயம் தவிர வேறு எதுவும் கூடாது என்று முடிவானது. பதினோரு நாள் தாக்குப்பிடித்தார். பன்னிரண்டாம் நாள் பத்தே முக்காலுக்கு ஒரு வாய்ஸ் வந்தது: “சாரிம்மா, இது கன்டெய்னர் விஷயம் இல்லை, ஆனாலும்…” இரண்டு நாளும் கூட உட்கார்ந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். மேலே இருப்பவர் அனுப்பும் வாய்ஸைக் கேட்டுவிட்டுத்தான் நான் மறுநாள் காலை ப்ளோருக்கு இறங்குகிறேன், என் முகத்தைப் பார்த்துத்தான் சூப்பர்வைசர் மைக்கை எடுக்கிறார்.

ஆறு வாரத்தில் திரும்ப வந்து பார்ப்போம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. நாலு தடவை போன் போட்ட பிறகு பத்தாவது வாரத்தில் வந்தார்கள். வந்தது அந்த அம்மா இல்லை, முதல் நாள் பையன். சிரித்த முகம், அழுத முகம் போட்ட ஒரு படிவத்தைக் கொடுத்து டிக் அடிக்கச் சொன்னார், பேனர் முன்னால் போட்டோ எடுத்தார், ஒரு மணி நேரத்தில் கிளம்பினார். ஆணியில் டோக்கன் இல்லை என்பதை அவர் கவனிக்கவே இல்லை.

வாங்குவதாக இருந்தால் நான் சொல்வது இதுதான். வேலை நாளில், லைன் ஓடும்போது நடக்கும் நாளை மட்டும் கேளுங்கள். மில்லிலோ கம்பெனியிலோ வேலை பார்த்த ஆள்தான் வர வேண்டும், திரும்ப வந்து பார்ப்பதும் அதே ஆள்தான் என்று எழுதி வாங்குங்கள். முதலாளிக்கும் ஒரு நாற்காலி போட்டு, அன்றைக்கு பையர் மீட்டிங் எதுவும் இல்லையா என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாடு யார் பொறுப்பு என்பதையும் கேட்டுவிடுங்கள். எங்களுக்குப் பன்னிரண்டரைக்குத்தான் தெரிந்தது அது எங்கள் பொறுப்பென்று, 24 தக்காளி சாதப் பொட்டலத்துக்கு நான்தான் ஓடினேன்.

பில்லில் இரண்டு நாளையும் சேர்த்து ஒரே வரியாகப் போட்டிருந்தார்கள். அடுத்த வருடத்துக்கு இரண்டாம் நாளை மட்டும் தனியாகப் பிரித்து விலை சொல்ல முடியுமா என்று மெயில் போட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.